டிசம்பரில் புறாத்தீவு எப்படிப் போவது?

கடலூர், புதுச்சேரியில் இலங்கைச் சுற்றுலா நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறைக்கு நோட்டீஸ் ஒட்டத் தொடங்கிவிட்டீர்கள். திருகோணமலை என்று பெரிதாகப் போட்டு, கீழே கோணேசுவரம், கன்னியா வெந்நீர்க் கிணறு, புறாத்தீவுப் பவளப்பாறை மூன்றையும் ஒரே நாளில் அடைத்திருக்கிறீர்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவதை டிசம்பரில் எப்படிக் காட்டப்போகிறீர்கள்?

கார்த்திகை, மார்கழியில் கடல் எப்படி இருக்கும் என்று கடலூர் முதுநகரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். திருகோணமலையும் இதே வங்கக்கடலில், இதே வடகிழக்குப் பருவக்காற்றை நேராக வாங்கும் கரைதான். 1782இல் திருகோணமலையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன்கூட, மழைக்காலம் நெருங்கியதும் கடலூரிலிருந்து கப்பல்களைக் கிளப்பிக்கொண்டு சுமத்ரா பக்கம் ஒதுங்கினார். புதுச்சேரியில் அவர் பேரில் ஒரு தெருவே இருக்கிறது. போர்க்கப்பலே ஒதுங்கிய பருவத்தில், நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் சின்னப் படகு என்ன செய்யும்?

போன டிசம்பரில் எங்களை அழைத்துப்போனவர், படகு ஓடாது என்பதை நிலாவெளிக்கு வந்த பிறகுதான் சொன்னார். மழையில் நின்று, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்த தீவைப் பார்த்துவிட்டு வேன் ஏறினோம். அதற்கென வாங்கிய பணம் திரும்பி வரவில்லை.

மே முதல் செப்டம்பர் வரை கதையே வேறு. அலை அடங்கித் தண்ணீர் தெளிந்துவிடும். கண்ணாடி மாட்டிக்கொண்டு முகத்தை நீருக்குள் வைத்தால் போதும், மான்கொம்பு மாதிரி கிளைத்த பவளமும் அதற்குள் புகுந்து புறப்படும் வண்ண மீன்களும் தெரியும். துடுப்பு நுனி கறுத்த சுறாக்களும் வரும். வம்புக்குப் போகாதவரை அவை ஒன்றும் செய்யாது. மே மாதம் நம் பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறைதானே? பயணத்தை அதற்கு மாற்றுங்கள். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் அதிகம், அதையும் நோட்டீசிலேயே போட்டுவிடுங்கள்.

அப்புறம், பவளம் உயிருள்ளது. கால் வைத்து நின்றால் முறிந்துவிடும், மீண்டும் வளரப் பல வருடம் ஆகும். ஞாபகத்துக்கு ஒரு துண்டு எடுப்பது குற்றம். இதையெல்லாம் படகில் ஏறுமுன் சொல்லுங்கள். இறங்கிய பிறகு யார் காதிலும் ஏறாது.

கன்னியாவுக்கும் இரண்டு வார்த்தை. அங்கே இருப்பவை ஏழு சிறிய சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் மாறும். வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதுதான் அங்கே குளியல். தாய்க்கு இறுதிக் கடன் செய்ய இராவணன் உண்டாக்கியது என்பது ஐதீகம். இன்றும் அந்தியேட்டி என்னும் இறுதிச் சடங்கைச் செய்ய அங்கே குடும்பங்கள் வருகின்றன. எங்கள் குழுவில் சிலர் அவர்கள் பக்கத்திலேயே ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

கோணேசுவரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். நம் திருப்பாதிரிப்புலியூரைப் பாடிய சம்பந்தர் பாடிய தலம் அது. பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் 1622இல் இடித்தார்கள். கோயில் இருக்கும் மலைக்குப் போகும் வழியே திருகோணமலைக் கோட்டைக்குள்தான், புள்ளிமான்கள் குறுக்கே நடக்கும். அரை நாளாவது கொடுங்கள்.

டிசம்பரில்தான் போவோம் என்றால் புறாத்தீவை நோட்டீசிலிருந்து எடுத்துவிடுங்கள், கட்டணத்தையும் குறையுங்கள். மே மாதத்துக்கு மாற்றினால் எங்கள் தெருவிலிருந்தே ஆள் சேர்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பயணி