ஏற்காடு நாட்டியப் பயிற்சி: பெற்றோர் கவனத்திற்கு

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை நமது பரதநாட்டிய வகுப்பு ஏற்காட்டில் நடைபெறுவதால், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் பிள்ளைகளுக்குக் காலையில் இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். மலைக் குளிரில் தசைகள் இறுகியிருக்கும் என்பதால், அடவுகளுக்கு (அடிப்படை நடன அசைவுகள்) முன் 20 நிமிடம் உடலைத் தளர்த்தும் பயிற்சி நடக்கும்.

சென்ற வாரம் ஒரு சிறுமி தட்டடவின் (பாதத்தைத் தரையில் தட்டி ஆடும் அடவு) நடுவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தொடையை இடுப்பு மூட்டிலிருந்து திருப்பாமல், பாதங்களை மட்டும் பக்கவாட்டில் திருப்பி அரைமண்டியில் (முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி அமர்ந்த நிலை) நின்றதே காரணம். முழங்கால் எப்போதும் கால்விரல்களின் நேரே இருக்க வேண்டும். வீட்டில் கண்ணாடி முன் இதை மட்டும் கவனியுங்கள்; மொசைக் தரையில் குதித்துப் பழக விடாதீர்கள்.

19ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் எனப்படும் நான்கு சகோதரர்கள் ஒழுங்குபடுத்திய கச்சேரி வரிசையில் அலாரிப்பு என்னும் தொடக்க உருப்படி முதலில் நிற்பதையும், கண், கழுத்து, தோள், கை எனப் படிப்படியாக உடல் விழித்த பின்னரே வர்ணம் என்னும் நீண்ட முக்கிய உருப்படி வருவதையும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். சதிர் என்ற பெயரில் இக்கலையைத் தலைமுறைகளாகக் காத்த தேவதாசியரையும், நடன ஆசான்களான நட்டுவனார்களையும் பிள்ளைகள் நன்றியோடு அறிந்திருக்க வேண்டும் என விரும்புகிறோம். ஸ்வெட்டரும் குடிநீரும் மறவாமல் கொடுத்தனுப்புங்கள்.