விடுமுறை வேலை எதுவரை வந்திருக்கிறது?

நண்பர்களே, வணக்கம். விடுமுறையில் உங்கள் மாதிரி ரயில் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஞாயிறு இரவுக்குள் படத்துடன் பகிருங்கள். முடிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கம்பிகள் தொங்கும் அரைகுறைப் பலகையின் படம்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

நான் 1:87 அளவில் (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு), தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள பாதையில், நிலையத்தை ஒட்டிய வளைவை முடித்துவிட்டேன். நான்கு நாள் ஒரே சிக்கல். வளைவின் கடைசியில் எஞ்சின் தயங்கித் தயங்கி நின்றது. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன், குறை அங்கே இல்லை. தண்டவாள இணைப்புத் தகடு தளர்ந்து, தண்டவாளம் வழியே எஞ்சினுக்கு வரும் மின்னழுத்தம் இறங்கியிருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் அடியிலிருந்து தனிக் கம்பி பற்றவைத்தேன். இப்போது எறும்பு ஊர்வதுபோல் ஓட்டினாலும் நிற்பதில்லை. அந்த முதல் முழுச் சுற்றைப் பார்த்தபோது மனம் நிறைந்துவிட்டது.

ஜல்லி ஒட்டுபவர்கள் கவனியுங்கள்: நீரில் கரைத்த பசையில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேருங்கள். இல்லையென்றால் துளி உருண்டு ஜல்லியைத் தள்ளிவிடும். தடம் மாற்றியின் அசையும் பகுதிக்கு அருகே பசை போகவே கூடாது.

1:160 அளவில் 9 மில்லிமீட்டர் பாதை போடுபவர்கள் அவசியம் எழுதுங்கள். அவ்வளவு சிறிய இடத்தில் எப்படிப் பற்றவைக்கிறீர்கள்?