டப்ளினில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ டப்ளினுக்குப் போனதிலிருந்து அந்த ஊர் எழுத்தாளர் மேவ் பின்சியின் நாவல்களை நூலகத்திலிருந்து எடுத்துவந்து படித்துக்கொண்டிருக்கிறேன். டப்ளினுக்குத் தெற்கே கடலோரத்தில் டால்கி என்று ஓர் ஊர் இருக்கிறதாமே, அவர் பிறந்தது அங்கேதான். கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும் அங்கேயேதான். விடுமுறை நாளில் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வா.

முதலில் என்னைப் போல வாத்தியார் வேலைதான் பார்த்தார். 1963-இல் இஸ்ரேலுக்குப் போய் ஒரு கூட்டுப்பண்ணையில் வேலை செய்தார். அங்கிருந்து அவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தை அவருடைய அப்பா பத்திரிகைக்கு அனுப்ப, அது அச்சிலும் வந்துவிட்டது. பெண் ஊர் திரும்பிப் பார்த்தால், எழுத்தாளர் ஆகியிருக்கிறாள்! பயப்படாதே, உன் கடிதங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. 'சாப்பிட்டேன், குளிர் அதிகம், பணம் அனுப்பியிருக்கிறேன்.' இதை எந்தப் பத்திரிகை வாங்கும்?

1968-இல் 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழில் சேர்ந்தார். பிறகு லண்டன், கல்யாணம். கணவர் கோர்டன் ஸ்னெல் குழந்தைகளுக்கு எழுதுபவர். இருவரும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவார்களாம். இங்கே உன் அம்மாவுக்கும் எனக்கும் தொலைக்காட்சி பார்ப்பதற்கே பஞ்சாயத்து வைக்கவேண்டியிருக்கிறது.

முதல் நாவலை ஐந்து பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1982-இல் அது வெளிவந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 2012-இல் இறப்பதற்குள் நான்கு கோடிப் பிரதிகள் விற்றிருந்தன. பேசுகிற மாதிரியே எழுதுவார். திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பது போலிருக்கிறது. சில இடங்களில் வளவளப்புதான், மறுக்கவில்லை.

ஆனால் 'சர்க்கிள் ஆஃப் ஃபிரெண்ட்ஸ்' நாவலின் தொடக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். பென்னி என்று கொஞ்சம் பருமனான சிறுமி. பத்தாவது பிறந்தநாளுக்கு இளஞ்சிவப்பு வெல்வெட் கவுன் கிடைக்கும் என்று ஏங்கிக் கிடக்கிறாள். பெற்றோர் தருவதோ நாலு நாள் உழைக்கிற மாதிரி ஓர் உடை. அவர்களும் பாசக்காரர்கள்தான். அவளும் முகத்தில் ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்வதில்லை.

புத்தகத்தை மூடிவிட்டேன். ஏழாம் வகுப்பில் தீபாவளிக்கு நீ பட்டுப்பாவாடை கேட்டாய். பள்ளிக்கும் ஆகுமே என்று சீருடைத் துணி எடுத்துவந்தேன். நீ வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, 'நல்லா இருக்குப்பா' என்றாய்.

அன்றைக்கு என்ன நினைத்தாய் என்று எழுது. பணம் வந்ததா என்பதை வங்கிப் புத்தகமே சொல்லிவிடும்.

அன்புடன்,
அப்பா