பேச்சு வரும் என்று காத்திருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில், இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளையைப் பற்றிக் கேட்டால், "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்பார் ஆச்சி. அப்புறம் வசம்பை உரைத்து நாக்கில் தடவுவார். பின்னால் தட்டு விழுந்த சத்தத்துக்குப் பிள்ளை திரும்பியதா என்று யாரும் கவனிப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ங்கா' சொல்லும், முகம் பார்த்துச் சிரிக்கும். யாருக்குச் சந்தேகம் வரும்?

பிறந்த 1 மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும். மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது. குழந்தை தூங்கும்போதே சோதனை முடிந்துவிடும், வலி கிடையாது. சைகை மொழி பழகினால் பேச்சு வராது என்ற பயமும் வேண்டாம். அதுவும் முழு மொழிதான்.

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும், ஒலியைக் கேட்க உதவும் கருவி) பொருத்துகிறார்கள், நல்ல காரியம். ஆனால் பொருத்திய மறுநாளே பேச்சு வந்துவிடாது, தொடர்ந்து பயிற்சி வேண்டும். அதற்காகப் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினால் தாய்க்கு அன்றைய கூலி போச்சு. பேச்சுப் பயிற்சியாளர் வாரம் ஒரு நாளாவது எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வர மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

- அங்கன்வாடிப் பணியாளர், முக்கூடல்