பட்டினி கிடக்காதே, கோமு

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமு,

இங்கே எல்லாரும் சுகம். இவுகளுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அண்ணாச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது. இனி சண்டை.

தெய்வானை மதினி முந்தாநாள் போன் பண்ணினாள். செங்கோட்டைக் கல்யாணத்தில் பந்தி வாசலிலேயே மயங்கிச் சரிந்தாயாமே? சீனித்தண்ணி குடித்த பிறகுதான் தெளிந்தாயாமே? அதற்கு மறுநாள் என்னோடு அரை மணி நேரம் பேசினாய். பொண்ணு வீட்டார் கட்டியிருந்த பட்டு, சமையல்காரன் அவியலில் கத்தரிக்காய் போட்டது, எல்லாம் சொன்னாய். இதை மட்டும் மறைத்துவிட்டாய். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். விடுதிக் காலத்திலிருந்தே உன் வழக்கம் அது. நம்ம பிலோமினா வார்டனே உன்னிடம் தோற்றுப் போனார். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படி.

எடையைக் குறைக்கிறேன் என்று காலையில் ஓட்ஸ், மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி ஒன்றும் கிடையாது, ஆனால் சுகர் மாத்திரை மட்டும் வழக்கம்போல. இது என்ன வைத்தியம்? உன் மருந்துச் சீட்டை நான் பார்த்திருக்கிறேன். அதில் கிளிமிபிரைடு இருக்கிறது. அந்த வகை மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீ சாப்பிட்டாயா, பட்டினியா என்றெல்லாம் அது பார்க்காது. வயிறு காலியாக இருக்கும்போது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும், அப்புறம் நினைவு போகும். கல்யாண வீட்டில் சுற்றி ஆள் இருந்தது. அடுப்படியில் தனியாக நிற்கும்போது ஆகியிருந்தால்? எழுதும்போதே எனக்கு நெஞ்சு பதறுகிறது, கோமு. சாப்பாட்டைக் குறைக்கப் போகிறேன் என்று முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையைக் குறைப்பதோ மாற்றுவதோ அவர் வேலை. அதுவரை கைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்துக்கொள். தலை சுற்றினால் அந்தக் குளுக்கோஸில் மூன்று டீஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடி, கால் மணி நேரம் கழித்து சுகர் மீட்டரில் பார்.

எடை குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற பி.எம்.ஐ. கணக்கு, நம்ம நாட்டு உடம்புக்கு 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் பருமன் என்கிறார்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்காகச் சாப்பாட்டைப் பகையாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. சிங்கப்பூரில் மீனா வீட்டில் இருந்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு எடை இறங்கிக்கொண்டே வருகிறது. நான் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. ருசியில்லாத எதையும் வாயில் வைக்கவும் இல்லை.

அங்கே அவள் வீட்டுக்குக் கீழேயே ஹாக்கர் சென்டர். சீனக் கடை, மலாய்க் கடை, நம்ம ஆட்கள் கடை எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். அந்த ஊர் ஹாக்கர் சாப்பாட்டுப் பழக்கத்தை 2020-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததாம். சேர்க்கத்தான் வேண்டும். யோங் தாவ் ஃபூ என்று ஒரு கடை, அங்கேதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. கிண்ணத்தை எடுத்து நமக்கு வேண்டியதை நாமே பொறுக்கிக்கொள்ளலாம். கீரை, காளான், டோஃபு, அரைத்த மீனை அடைத்த வெண்டைக்காய், கத்தரிக்காய். பொறித்த துண்டுகளும் இருக்கும், அவற்றைத் தொடாமல் விட்டுவிடுவேன். எடுத்ததைக் கடைக்காரர் கொதிநீரில் வேகவைத்து, தெளிந்த சூப்பில் போட்டுத் தருவார். வயிறு நிறைந்துவிடும், மதியம் தூக்கம் வராது. மீன் சூப் கடையிலும் அப்படித்தான். இஞ்சி, தக்காளி, மீன் துண்டு, அவ்வளவுதான்.

அங்கே விற்பதெல்லாம் இளைக்க வைக்கும் என்று நினைத்துவிடாதே. சார் குவே தியாவ் என்ற நூடுல்ஸ் எண்ணெயில் மின்னும், பழைய முறையில் பன்றிக் கொழுப்பிலேயே வதக்குவார்கள். நாசி லெமாக் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. லக்சா குழம்பும் தேங்காய்ப்பால்தான். சிக்கன் ரைஸில் சோற்றுக்கே கோழிக் கொழுப்பு. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, ஒரு கப் சோறு சுமார் 200 கலோரி. இரண்டையும் ஒரே தட்டில் போட்டு வதக்கினால் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போடு, நீதான் கணக்கில் புலி.

மீனா ஒரு நாள் வியட்நாம் கடைக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஃபோ சாப்பிட்டோம். பட்டையும் அன்னாசிப்பூவும் மணக்கும் எலும்பு ரசத்தில் அரிசி நூடுல்ஸ். பக்கத்தில் ஒரு தட்டு நிறைய புதினா, துளசி இனத்து இலை, முளைகட்டிய பயறு, எலுமிச்சைத் துண்டு. இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுச் சாப்பிட வேண்டும். நூடுல்ஸைப் பாதியாகக் குறைத்து இலையைக் கூட்டச் சொன்னாள் மீனா. புளிப்பும் உறைப்பும் மணமும் சேர்ந்துவிட்டால் நாக்கு எண்ணெயைத் தேடுவதில்லை. நான் கண்டுகொண்டது அதுதான்.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். தாய்லாந்தில் பப்பாளிக்காயைச் சீவி ஒரு சாலட் செய்வார்கள், சோம் தாம் என்று பெயர். பச்சை மிளகாயும் பூண்டும் உரலில் இடித்து, எலுமிச்சைச் சாறு, மீன் சாஸ், கொஞ்சம் பனைவெல்லம், வறுத்த நிலக்கடலை. ஏட்டி, உன் கொல்லையில் பப்பாளி மரம் நிற்கிறது, உடன்குடிக் கருப்பட்டி உன் வீட்டில் எப்போதும் இருக்கும். மீன் சாஸுக்குப் பதில் உப்பு போதும். கருப்பட்டி கால் டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம், உனக்கு அதுவும் சர்க்கரைதான்.

மீனை நான் இப்போது பொறிப்பதே இல்லை. தூத்துக்குடி விளமீன் கிடைத்தால் இரண்டு பக்கமும் கீறி, இஞ்சியைச் சன்னமாக நறுக்கித் திணித்து, தட்டோடு இட்லிச் சட்டியில் வைத்துப் பத்து நிமிடம் ஆவியில் வேகவிடுகிறேன். தட்டில் ஊறும் தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், வெங்காயத்தாள், மேலே ஒரே ஒரு டீஸ்பூன் சுடவைத்த நல்லெண்ணெய். உப்பு போடவே கூடாது. சோயா சாஸ் ஒரு மேஜைக்கரண்டியிலேயே 900 மில்லிகிராம் அளவுக்கு சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தமே 2000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உனக்கு பிரஷரும் இருப்பதால் சொல்கிறேன். சூப்பில் காய்கறியையும் மீனையும் சாப்பிடு, ரசத்தைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சாதே. இவுக முதல் நாள் மூஞ்சியைச் சுளித்தார்கள். இப்போது விளமீன் வந்திருக்கா என்று அவர்களே மார்க்கெட்டில் கேட்கிறார்கள்.

உன் மகன் ராத்திரி வாங்கி வருகிற சைனீஸ் பார்சலை இந்தக் கணக்கில் சேர்க்காதே. கோபி மஞ்சூரியன் சீனாவிலேயே கிடையாது. சிக்கன் மஞ்சூரியனை 1975 வாக்கில் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் செய்ததாகச் சொல்கிறார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் கோபி. மாவில் முக்கிப் பொறித்து, சோள மாவுக் குழம்பில் போட்டு மறுபடி வதக்குவது. ஆசையாக இருந்தால் மாதத்தில் ஒரு நாள் அவன் பார்சலில் இரண்டு துண்டு எடுத்துக்கொள். பார்டர் புரோட்டாவும் அதே மாதிரிதான். குற்றாலச் சீசனில் தென்காசியில் இருந்துகொண்டு அதைச் சாப்பிடாதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஒன்று போதும், சால்னாவை மிதக்கவிடாதே.

சொதியைத்தான் கேட்பாய், தெரியும். தாய்லாந்துப் பச்சைக் கறியைச் சாப்பிட்டபோது எனக்கு உன் கல்யாண மறுவீட்டுச் சொதிதான் ஞாபகம் வந்தது. கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லியே சுமார் 200 கலோரி. அதற்காகச் சொதியை விட முடியுமா? நான் முதல் பாலைப் பாதியாக்கி, மூன்றாம் பாலில் காய்களை இரட்டிப்பாகப் போட்டு வேகவைக்கிறேன். முருங்கைக்காய், பீன்ஸ், கேரட். உருளைக்கிழங்கு பேருக்கு ஒன்று. இஞ்சிப் பச்சடி கட்டாயம் உண்டு. முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோறு.  அப்படிச் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறாது, நீயே மீட்டரில் பார்த்துக்கொள். ஒக்கினாவாத் தீவில் பழைய ஆட்கள் வயிறு பத்துக்கு எட்டுப் பங்கு நிறைந்ததும் கையை எடுத்துவிடுவார்களாம். எட்டுப் பங்கு, கோமு. உன்னைப் போல இரண்டு பங்கு இல்லை.

அடுத்த சனிக்கிழமை இங்கே வா. காலை பாசஞ்சரில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். மீன் நான் வாங்கி வைக்கிறேன், நீ பப்பாளிக்காய் கொண்டு வா. ஆனால் அதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். மயங்கி விழுந்ததை ஒளிக்காமல் சொல், எத்தனை நாளாகச் சாப்பிடாமல் மாத்திரை போட்டாய் என்பதையும் சொல். பார்த்துவிட்டு வந்ததும் எனக்குப் போன் பண்ணு. அண்ணாச்சி பக்கத்தில் இருக்கும்போது பண்ணு, டாக்டர் சொன்னதை நான் அவர்களிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும்.

உன்,
வடிவு