புரட்டிப் படுக்க வைக்கும் கைகளுக்கும் பயிற்சி வேண்டும்

சேலம் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், இடுப்பெலும்பு முறிந்தோ பக்கவாதம் வந்தோ படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களுக்காக இம்மடலை எழுதுகிறேன்.

புரட்டாமல் ஒரே நிலையில் வெகுநேரம் கிடப்பதால் தோல் அழுந்தி உண்டாகும் படுக்கைப் புண்ணைத் தடுப்பது பற்றிச் செவிலியர்களுக்கு வகுப்பு நடக்கிறது. ஆனால் பெட்பேன் வைப்பவரும் விரிப்பை மாற்றுபவரும் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளரோ, துணைக்கு இருக்கும் மகளோ மருமகளோதான். புண்ணின் தொடக்கத்தை முதலில் காணக்கூடிய இவர்களுக்கு, எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தர ஆளில்லை.

தோல் சிவக்கும் என்கிறது பாடம். நம் பெரியவர்களின் கருத்த தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே வால் எலும்பின் மேலும், இடுப்பின் பக்கவாட்டிலும், குதிகாலிலும் தொட்டுப் பார்க்கப் பழக்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருந்தால், புண்ணுக்கான அறிகுறியாகக் கருதி உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். அண்மையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் நான் பார்க்கப்போன பெரியவரின் குதிகால், மெத்தையில் அழுந்திக் கருநீலமாகியிருந்தது. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு தலையணை வைத்திருந்தால் குதிகால் மெத்தையில் படாமல் இருந்திருக்கும். தலையணையோ பக்கத்து நாற்காலியிலேயே கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

அக்கறையோடு செய்வதும் கெடுதலாகிவிடுகிறது. நிறம் மாறிய இடத்தை எண்ணெய் விட்டுத் தேய்ப்பதும், நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தில் உட்கார வைப்பதும் இரத்த ஓட்டத்தை மேலும் கெடுக்கும். தலைமாட்டை 30 பாகைக்கு மேல் வெகுநேரம் உயர்த்தி வைத்தால் உடம்பு கீழே சறுக்கி, தோலுக்கு அடியிலுள்ள திசு இழுபட்டுச் சிதையும். ஏர் பெட் வாங்கிவிட்டதால் புரட்ட வேண்டியதில்லை என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது, அதுவும் தவறு.

எனவே, ஒப்பந்தப் பணியாளர்களுக்குப் பணி நேரத்திலேயே, சம்பளப் பிடித்தமின்றி, கட்டிலருகே செய்முறைப் பயிற்சி அளிக்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். டிஸ்சார்ஜ் செய்வதற்கு முன், வீட்டில் கவனிக்கப் போகிறவர் செவிலியரின் கண்முன் ஒருமுறையாவது முதியவரைப் புரட்டிப் படுக்க வைத்துக் காட்டச் செய்ய வேண்டும். ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்குத் திரும்புவோருக்கு இது மிக அவசியம். புண் ஆழமான பிறகு அவர்களை 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியே கீழே கொண்டுவருவதே பெரும் வேதனை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் செல்வோர், இரத்த அழுத்தம் பார்க்கும்போதே படுக்கையிலிருப்பவரின் குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் பார்த்துக் குறித்துவர வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாக அறிவுறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர், சேலம்