வாய்க்கால் முகத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கக் கோரி மனு

அனுப்புநர்:
நாட்டுப்படகு மீனவர்கள்,
சேதுபாவாசத்திரம் கரையோரப் பகுதி,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தஞ்சாவூர்.

பொருள்: இறால் பண்ணைத் தண்ணீர் கடலில் சேரும் வாய்க்கால் முகங்களில், அறுவடை நாட்களில் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கவும், பண்ணைகளுக்குப் பொதுத் தெளிவுக் குளம் (கழிவுநீரின் சேறு அடியில் படியத் தேக்கும் குளம்) அமைக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் கரையை ஒட்டி இரண்டு மூன்று பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்துக்குள் நண்டு வலை விட்டுப் பிழைப்பவர்கள். 2022 செப்டம்பரில் அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை பாக் விரிகுடாவின் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. உண்மையைச் சொன்னால், அப்போது எங்களுக்குப் பயம்தான் வந்தது, தொழிலுக்குத் தடை போட்டுவிடுவார்களோ என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆவுளியா (கடற்பசுவை நாங்கள் சொல்லும் பெயர்) மேய்கிற அதே கடல் புல்லுக்குள்தான் ஓரா மீனும் நண்டும் இறால் குஞ்சும் வளர்கின்றன. அதற்குத் தீனி என்றால் எங்களுக்கும் சோறு. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விட்ட மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். வனத்துறை அவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டிப் பரிசும் கொடுத்திருக்கிறது.

எங்கள் குறை கடலுக்குள் இல்லை, கரையில் இருக்கிறது.

இங்குள்ள பண்ணைகளில் வளர்க்கும் வனாமி இன இறால் ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடைக்கு வரும். அறுவடையன்று குளத்து மடையைத் திறந்து விடுகிறார்கள். மேல் தண்ணீர் போகும்வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. கடைசியில் அடிச்சேறு வரும்: தின்னாமல் விட்ட தீவனமும் இறால் கழிவும் சேர்ந்த கறுப்புச் சேறு. அது வாய்க்கால் வழியே நேராகக் கடலுக்கு வருகிறது. அந்த உரச்சத்தில் பாசி பெருகிப் புல் இலைமேல் போர்த்திக்கொள்கிறது. தண்ணீரும் கலங்கி வெயில் உள்ளே இறங்குவதில்லை. வெயில் படாத புல் அழுகி வேரோடு கழன்றுவிடும். எங்கள் வாய்க்கால் முகத்தைச் சுற்றி முன்பு துடுப்பில் புல் சிக்கும். இப்போது வெறும் சேறுதான் வருகிறது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் இறங்கியும் கடல் கலங்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது சில வாரத்தில் தெளிந்துவிடும். இந்தப் பண்ணைச் சேறு வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வருகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-லேயே வந்தது. அதன் வழிகாட்டு நெறிகளின்படி 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி கட்டாயம். சிக்கல் என்னவென்றால், எங்கள் வாய்க்காலில் வடிகிற பண்ணைகளில் பல சிறியவை. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் அந்த அளவைத் தாண்டவில்லை. ஆனால் எல்லோருக்கும் வாய்க்கால் ஒன்றுதானே? கடலுக்குப் பண்ணைக் கணக்கு தெரியாது.

முன்பு ஒருமுறை இதுபற்றி மனு கொடுத்தோம். "மாதிரி எடுத்து ஆய்வு செய்ததில் மாசு அளவுக்குள் உள்ளது" என்று ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மாதிரி எடுத்த அன்று எந்தப் பண்ணையிலும் அறுவடை இல்லை, வாய்க்காலில் ஓட்டமே இல்லை. எடுத்தவர்மேல் குற்றம் சொல்லவில்லை, அவருக்குச் சொல்லப்பட்ட தேதி அது. அடுப்பு எரியாத நேரத்தில் வந்து பார்த்தால் புகை எப்படித் தெரியும்?

இந்த மாவட்டத்தில் பண்ணைப் பதிவு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மாவட்டக் குழுவுக்குத் தாங்களே தலைவர் என்பதால்தான் மனுவைத் தங்களிடம் கொண்டுவந்தோம். அறுவடைத் தேதியைப் பண்ணையாளர்கள் முன்கூட்டியே மீன்வளத்துறைக்குத் தெரிவிக்க உத்தரவிட வேண்டும். அன்றைக்கே, அதுவும் அடிச்சேறு வரும் நேரத்தில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வாய்க்கால் முகத்தில் மாதிரி எடுக்க வேண்டும். முடிவை எங்கள் ஏலக்கூடத்துப் பலகையில் தமிழில் ஒட்டினால் போதும். இணையதளத்தில் தேட எங்களில் பலருக்குத் தெரியாது.

அப்புறம், ஒரே வாய்க்காலில் வடியும் சிறு பண்ணைகளுக்குச் சேர்த்து ஒரு தெளிவுக் குளம் வெட்ட அரசு உதவ வேண்டும். பண்ணைக்காரர்களை மூடச் சொல்லி இந்த மனு இல்லை. அவர்களிலும் எங்கள் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள், தனியாகக் குளம் வெட்ட அவர்களுக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. கடலோர வளங்களை மீட்க நெய்தல் மீட்சி இயக்கம் என்று அரசு நடத்துகிறதே, அந்த நிதியில் இதற்கு வழியுண்டா என்று தாங்கள் பார்த்துச் சொன்னால் நல்லது. மனோராவில் கடற்பசு பாதுகாப்பு மையம் வரப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. மையத்தைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும்போது காட்டுவதற்குக் கடலில் புல்லும் இருக்க வேண்டும் அல்லவா?

எந்தெந்தப் பண்ணை என்று இந்த மனுவில் பெயர் எழுதவில்லை. ஆய்வுக்கு வரும் அலுவலரை எங்கள் படகிலேயே ஏற்றி, வாய்க்கால் முகங்களைக் காட்டுகிறோம். அடுத்த அறுவடைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளதால், அதற்குள் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
நாட்டுப்படகு மீனவர்கள்

இடம்: சேதுபாவாசத்திரம்
இணைப்பு: மீனவர் கையெழுத்துப் பட்டியல், முன்பு வந்த பதில் கடிதத்தின் நகல்